மடியில் வைக்காத மடிக்கணினி

என் மனைவியின் அண்ணனுக்கு வீட்டில் 'ஸ்கோர்' என்று பெயர். மிக்ஸியோ மெத்தையோ, எதை வாங்கினாலும் இணையத்தில் அதற்கு எத்தனை மதிப்பெண் என்று பார்த்துவிட்டுத்தான் வாங்குவார். தங்கைக்கு மாப்பிள்ளை பார்த்தபோது மட்டும் அதைச் செய்யத் தவறிவிட்டாராம். அந்த வருத்தம் அவருக்கு இன்னும் தீரவில்லை.

காது கேளாதவர்கள் வரும் கூட்டங்களில் நேரடி எழுத்து தருவது என் மனைவியின் வேலை. மேடைப் பேச்சை மென்பொருள் எழுத்தாக்கும். அவள் பிழைகளைத் தட்டித் திருத்தித் திரைக்கு அனுப்புவாள். அவளுடைய பழைய லேப்டாப் திடீரென்று கண்ணை மூடிவிட்டது. மறுநாளே ஒரு அரங்கில், நகைச்சுவை நிகழ்ச்சியில் அவளுக்குச் சோதனை. தேறினால் வருடம் முழுக்க அந்த அரங்கின் வேலை அவளுக்கு.

அரங்கத்து மேலாளர் அம்மா ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டிருந்தார். "ஜோக் சொன்னா எல்லாரும் ஒண்ணா சிரிக்கணும். காது கேக்காதவங்க மட்டும் லேட்டா சிரிச்சா, பக்கத்துல இருக்கறவங்க திரும்பிப் பாக்கறாங்க. அப்புறம் அவங்க வர்றதே இல்ல."

அவளுக்கு இரவல் கொடுக்க இரண்டு மேதைகள் தயாரானோம். மச்சான் கொண்டுவந்தது விளையாட்டுப் பிரியர்களுக்கான தடித்த லேப்டாப். என்னுடையது அலுவலகத்தில் கொடுத்த ஒல்லி. சாப்பாட்டு மேஜையில் இரண்டையும் ப்ளக்கில் மாட்டி, வேகத்தை அளக்கும் மென்பொருளை ஓடவிட்டோம். மச்சானுடைய ப்ராசஸர் என்னுடையதைப்போல் இரண்டு மடங்கு மதிப்பெண் வாங்கியது. அதன் விசிறி போட்ட இரைச்சலில் ஜன்னல் திரை ஆடியது.

"பாத்தீங்களா மாப்ளே? இது ராக்கெட்டு."

"மச்சான், இது எவ்வளவு கரன்ட் குடிச்சுது, அதைச் சொல்லுங்க."

"ஓடற குதிரைகிட்ட யாராவது கொள்ளுக் கணக்கு கேப்பாங்களா?"

நான் கேட்பேன். ஒரு ப்ராசஸருக்கு ஒரே வேகம் என்று ஒன்று கிடையாது. அது குடிக்கும் மின்சாரம் முழுவதும் கடைசியில் சூடாகத்தான் வெளியே வரவேண்டும். சூடு போக வழியில்லை என்றால், வெந்துபோகாமல் இருக்க அது தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். தவிர, சுவர் ப்ளக் கொடுக்கும் அளவுக்குப் பேட்டரியால் கொடுக்க முடியாது. ப்ளக்கைப் பிடுங்கினால் பெருந்தீனிக்காரர்களுக்குப் பாதிச் சாப்பாடுதான். ஆகவே ஒரு வாட்டுக்கு எவ்வளவு வேலை என்றுதான் பார்க்கவேண்டும். அதில் என் ஒல்லிக்குத்தான் வெற்றி. இதை வரைபடம் போட்டு விளக்கினேன். மச்சான் கொட்டாவி விட்டார்.

மனைவி சமையலறையிலிருந்து வந்தாள்.

"எங்க வெச்சுப் பாத்தீங்க?"

"மேஜையிலதான்," என்றார் மச்சான்.

"அண்ணா, நான் நடைபாதை ஓரமா ஒரு நாற்காலியில உக்காருவேன். வயர் இழுத்தா யாராவது தடுக்கி விழுவாங்கன்னு ப்ளக் தர மாட்டாங்க. மேஜையும் கிடையாது. மடியிலதான் வெச்சுக்கணும். இதைக் காலையிலயே சொன்னேனே!"

சொல்லித்தான் இருந்தாள். காது நன்றாகக் கேட்கும் நாங்கள் இருவரும்தான் கேட்கவில்லை. மடிக்கணினி என்று பெயரிலேயே எழுதி ஒட்டியிருந்தும், அதை மடியில் வைத்துப் பார்க்க இரண்டு மேதைகளுக்கும் தோன்றவில்லை.

அவள் ப்ளக்கைப் பிடுங்கினாள். மச்சானுடையதை மடியில் ஏற்றிக்கொண்டு, "இப்ப சண்டை போடுங்க, நான் எழுதறேன்," என்றாள்.

அதற்கு எங்களுக்கு அழைப்பு தேவையில்லை. முதலில் எழுத்து பறந்தது. போகப்போக அவள் உடுத்தியிருந்த துணி அடிப்பக்கத்துக் காற்றோட்ட ஓட்டைகளை அடைத்தது. விசிறி அலறியது, எழுத்து பின்தங்கியது. அலறல் மைக்கிலும் விழுந்து, 'என் மெஷின் ராக்கெட்டு' என்று மச்சான் சொல்லி முடித்து மூச்சு வாங்கும்போது திரையில் வந்தது: 'என் மெஷின் பாக்கெட்டு.'

"தொடை சுடுதுண்ணா," என்று எடுத்துக் கொடுத்துவிட்டாள்.

அடுத்து என் ஒல்லி. அது கேட்கும் மின்சாரமே குறைவு என்பதால் பேட்டரியிலும் அதற்கு முழுச் சாப்பாடுதான், வேகம் மாறவில்லை. சூடும் கொஞ்சம்தான். நான் வாட் கணக்கை மறுபடி ஆரம்பத்திலிருந்து விளக்க, வார்த்தைக்கு வார்த்தை எழுத்து கூடவே வந்தது. திரை முழுக்க 'அதாவது'.

"ப்ராசஸர் சூடாகல," என்றாள் மனைவி. "கேக்கறவங்கதான் சூடாகறோம். நிறுத்துங்க."

"பொண்டாட்டியே நடுவரா இருந்தா நீங்கதான் ஜெயிப்பீங்க," என்றார் மச்சான்.

மறுநாள் அரங்கில் நானும் மச்சானும் கடைசி வரிசையில் உட்கார்ந்தோம். மனைவி நடைபாதை ஓரம், மடியில் ஒல்லியோடு. திரைக்கு நேர் எதிரே முன்வரிசையில் காது கேளாதவர்கள் அமர்ந்திருந்தார்கள். மேலாளர் அம்மா மேடையைப் பார்க்காமல் அவர்கள் முகங்களையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மேடைக்காரர் முதல் ஜோக்கை முடித்தார். திரையில் கடைசிச் சொல் விழுந்ததும் முன்வரிசையும் பின்வரிசையும் ஒரே வெடியாகச் சிரித்தன. யாரும் யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. மேலாளர் அம்மா என் மனைவியைப் பார்த்துத் தலையசைத்தார்.

எல்லாம் அடங்கிய பிறகு என் பக்கத்திலிருந்து ஒரே ஒரு சிரிப்பு, 'ஹஹ்ஹா' என்று தனியாகக் கிளம்பியது. மச்சான். அதுவரை குனிந்து, கைப்பேசியில் தன் லேப்டாப்பின் மதிப்பெண்ணைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.