திரும்பி வராத பாட்டில்கள்

எட்டு மாதமாக அவளை யாருமே திட்டவில்லை. சந்தேகம் முளைத்ததே அங்கேதான்.

முன்பு வேலை பார்த்த சலவைக்கடையில் காலையில் ஒரு திட்டு, சாயங்காலம் ஒரு திட்டு நிச்சயம். கண் தெரியாதவள் என்று கடைக்காரர் ஒரு வார்த்தைகூடத் தள்ளுபடி செய்ததில்லை. "போர்வையை மடிக்கச் சொன்னா மூட்டை கட்டி வெச்சிருக்கே?" என்று கத்துவார். ஆனால் அவள் ஒரு நாள் வராவிட்டால் அவர் கை ஒடிந்த மாதிரி ஆகிவிடும். இங்கே, இந்த மருந்து பாட்டில் கம்பெனியில், அவள் ஒரு தட்டு பாட்டிலையே தரையில் கொட்டினாலும் "பரவால்லக்கா, பரவால்லக்கா" என்று நாலு பேர் ஓடி வருகிறார்கள். சம்பளமும் கொடுத்து இத்தனை சர்க்கரையும் கொடுக்கிறார்கள் என்றால், யாருக்குத்தான் சந்தேகம் வராது?

வேலை இதுதான். தினமும் காலையில் மேசைக்கு இடப்பக்கம் முந்நூறு பிளாஸ்டிக் பாட்டில் வந்து இறங்கும். ஒவ்வொன்றின் வாயையும், மூடி திருகும் மரையையும், அடியையும் அவள் விரலால் தடவிப் பார்க்க வேண்டும். நல்லது வலப்பக்கப் பெட்டிக்குப் போகும், பிசிறு இருப்பது காலடிக் கூடைக்குப் போகும். அவளுடைய அறை மெஷின்கள் ஓடும் கொட்டகையில் இல்லை, வாசலை ஒட்டி, வரவேற்பறைக்குப் பக்கத்தில் இருந்தது. சுவர் முழுக்கக் கண்ணாடி என்று சொன்னார்கள். பாட்டில் பார்க்கிற ஆளை எதற்குப் பாட்டில் மாதிரியே கண்ணாடிக்குள் வைக்க வேண்டும்? கேட்டால் ஹெச்.ஆர். மேடம், "உங்க வசதிக்குத்தாம்மா" என்பாள். எதைக் கேட்டாலும் அவளுக்கு அந்த ஒரே பதில்தான்.

வீட்டில் இந்தச் சந்தேகத்தை வாய்விட்டுச் சொல்ல முடியாது. சலவைக்கடை வேலை போனதிலிருந்து அண்ணன் வீட்டில் அவள் கதவோரம் உட்கார்ந்திருக்கும் ஆள், அவ்வளவுதான். இந்த வேலை கிடைத்த பிறகு அண்ணி அவளைக் கேட்காமல் வீட்டுக்கு ஒரு மின்விசிறிகூட வாங்குவதில்லை. "உனக்கு எதுலதான் குறை தெரியல? நல்லா நடத்துனாலும் குத்தமா?" என்று, ஒரு தடவை சொல்லிப் பார்த்ததற்கே அண்ணி ஒரே போடாகப் போட்டாள். வேறு அச்சமும் இருந்தது. வருகிற வியாழக்கிழமை, ஆர்டர் கொடுக்கப்போகும் பெரிய கம்பெனியிலிருந்து ஒரு குழு கம்பெனியைப் பார்க்க வருகிறது. அது முடிந்ததும் அவள் வேலை நிரந்தரம் என்று மேடம் வாக்குக் கொடுத்திருந்தாள்.

ஆனால் விரலை யார் அடக்குவது? அது எதையும் மறப்பதில்லை. ஒரு பாட்டிலில் மரையின் இரண்டாவது சுற்றில் எறும்பளவு பிசிறு. இன்னொன்றில் அடியில் ஒரு குழி. மூன்றாவதில் தோளுக்குக் கீழே ஒரு பரு. தினமும் இதே மூன்று குறை, இம்மி பிசகாமல் அதே இடத்தில். அவள் யோசித்தாள். ஒரே குறை ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வந்தால், பாட்டிலை வார்க்கும் அச்சில்தான் கோளாறு இருக்க வேண்டும். மேடத்திடம் சொன்னால் மறுபடி சர்க்கரைதான் வரும் என்று, டீ இடைவேளையில் நேராகப் போய் அச்சு மெக்கானிக்கிடமே சொன்னாள். எடுத்ததற்கெல்லாம் வெடிப்பதால் அவருக்கு வெடி என்றே பெயர்.

வெடி ஆடிப்போய் மெஷினை நிறுத்தினார். அச்சைக் கழற்றி, துடைத்து, விளக்கு வைத்துப் பார்த்தார். அரை நாள் உற்பத்தி போனதுதான் மிச்சம், அச்சில் ஒரு கீறல்கூட இல்லை. நேராக அவள் அறைக்கு வந்தார்.

"அறிவிருக்கா உனக்கு? எங்க இருக்கு பிசிறு? காட்டு பாக்கலாம்! முதலாளிகிட்ட நான் வாங்கிக் கட்டிக்கிட்டதுல பாதி உன்னோடது!"

அவளுக்கு மனசு குளிர்ந்தது. கடைசியில் ஒரு மனிதர் அவளைத் திட்டிவிட்டார். கூடைக்குள் கைவிட்டு அந்த மூன்றையும் எடுத்து நீட்டினாள்.

வெடி வாங்கினார். அப்புறம் வலப்பக்கப் பெட்டியையும் கிளறும் சத்தம் கேட்டது.

"எவ்வளவு நாளா இதைப் பாக்குற?" குரல் இறங்கியிருந்தது.

"வந்ததுல இருந்தே. எட்டு மாசம். ஏண்ணே?"

"இது பழைய மாடல்ம்மா. இந்த அச்சைக் கழட்டி இரும்புக்குப் போட்டு ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு."

அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. சாயங்காலம் அவள் போன பிறகு, நல்லதையும் கழித்ததையும் யாரோ ஒன்றாகக் கொட்டிக் கலக்கி, காலையில் திரும்பவும் அவள் முன்னால் வைத்திருக்கிறார்கள். எட்டு மாதம், அதே முந்நூறு பாட்டில். அவமானத்தில் முகம் கொதித்தது.

மேடம் மறுக்கக்கூட இல்லை. "மாற்றுத்திறனாளிங்களை இத்தனை சதவீதம் எடுத்தாத்தான் ஆர்டர்னு கணக்கு இருக்கும்மா. கொட்டகையில உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா? உங்க வசதிக்குத்தான். வியாழக்கிழமை மட்டும் சிரிச்ச முகமா இருங்க, ஆர்டர் கைக்கு வந்துடும்."

அண்ணியிடம் சொன்னாள். அண்ணி, "வேலை இல்லாம சம்பளம் குடுத்தா வாங்கிட்டுப் போயேன். ஊர்ல எத்தனை பேர் அப்படி இருக்கான்!" என்றாள். அதுவும் பொய்யில்லை. அதுதான் இன்னும் வலித்தது.

வியாழக்கிழமை கண்ணாடி அறை நிறைய செருப்புச் சத்தம்; கம்பெனி ஆள் ஒருவர் வீடியோ எடுத்தார். முதலாளி அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்று பேசினார். அவள் இந்தக் கம்பெனிக்குக் கிடைத்த வரமாம். "எட்டு மாசத்துல இவங்க கை பட்ட பாட்டில்ல ஒண்ணுகூட வாடிக்கையாளர்கிட்ட இருந்து குறைன்னு திரும்பி வந்ததில்ல!"

எல்லோரும் கைதட்டினார்கள். வந்தவர்களில் ஒரு பெண்மணி குனிந்து, "எப்படிம்மா இதைச் சாதிச்சீங்க?" என்று கேட்டாள். கேட்ட குரலில் கள்ளமில்லை.

"எல்லாம் கம்பெனி குடுத்த ஊக்கம்" என்று சொல்ல வேண்டும். மேடம் மூன்று தடவை சொல்லிக் கொடுத்திருந்தாள். அவளுக்கு அண்ணி நினைவு வந்தது, திரும்பவும் அந்தக் கதவோரம் நினைவு வந்தது.

"வெளிய போனாத்தானேங்க திரும்பி வரும்?"

தமாஷ் என்று எண்ணி எல்லோரும் சிரித்தார்கள். முதலாளிதான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். அவர்கள் சிரிப்பு அடங்கும்வரை அவள் காத்திருந்தாள்.

"நெசமாத்தாங்க. இந்த முந்நூறையும் ராத்திரி கலந்து காலையில திரும்ப வைக்கிறாங்க. இந்த மாடலை விக்கிறதே இல்ல."

யாரோ இருமினார்கள். மேடத்தின் விரல்கள் அவள் தோளில் அழுந்தின. அந்தப் பெண்மணி மட்டும் நகரவில்லை.

"அப்படின்னா இத்தனை நாளா நீங்க பார்த்த வேலைதான் என்னம்மா?"

"நீங்க வர்றப்ப உங்களுக்குக் காட்டுறதுக்கு, இங்க உட்கார்ந்திருக்கிறதுங்க."

வீடியோ எடுத்துக்கொண்டிருந்தவர், இதையும் எடுக்கணுமா என்று முதலாளியிடம் மெதுவாகக் கேட்டார்.