நூலகர் போட்ட கையெழுத்து

அன்று வந்திருந்தவர்கள்: ஜன்னலோரம் எங்கள் சாஃப்ட் டென்னிஸ் குழுவின் கேப்டன் அக்கா, அவருக்கு எதிரே, ரப்பர் பந்துகளுக்குக் காற்றடிப்பதையே பதவியாக வைத்திருப்பதால் பம்ப் என்று நாங்கள் அழைக்கும் பையன், மேசை முனையில் செயலாளரான நான், வாசல் பக்கம் தன் நாற்காலியில் நூலகர். கல்லூரி அலுவலகம் எங்கள் மைதானத்தைப் பூட்டி ஒரு வாரமாகியிருந்ததால், தினமும் நூலகத்தில்தான் கூடினோம். இந்த விளையாட்டால் என்ன பயன் என்று அன்றைக்குள் எழுதித் தராவிட்டால், அந்த இடத்தில் கார் நிறுத்தப்போவதாக அலுவலகம் சொல்லிவிட்டது.

"ஒழுக்கம்னு எழுது," என்றார் அக்கா.

"நாம என்னைக்குக்கா நேரத்துக்கு வந்தோம்?" என்றான் பம்ப்.

"அப்ப வெற்றின்னு போடு."

"மூணு வருஷத்துல ஒரு தடவை ஜெயிச்சோம். அதுவும் எதிர் டீம் பஸ்ஸைத் தவறவிட்டதால."

"விளையாடினா சந்தோஷமா இருக்குன்னு எழுதிடட்டுமா?" என்றேன். ஏதோ கெட்ட வார்த்தை சொன்னதுபோல் இருவரும் என்னைப் பார்த்தார்கள். பிறகு சிரித்த சிரிப்பில் மேசையே ஆடியது.

நூலகர் எழுந்து வந்தார். "ஒரு வாரமா இங்க யாராலயும் ஒரு பக்கம் படிக்க முடியல. அந்தப் பேப்பரைக் கொடு."

அவரே எழுதினார்: 'இம்மாணவர்கள் மாலையில் பந்தடித்தால்தான் நூலகத்தில் அமைதி நிலவுகிறது. மைதானத்தை உடனே திறக்கவும்.' கீழே கையெழுத்து, முத்திரை.

"மானம் போகுதே மேடம்!" என்றார் அக்கா.

"மானம் வேணுமா, மைதானம் வேணுமா?"

அக்கா பேப்பரை வாங்கி என் பக்கம் தள்ளினார். நான் தேதி போட்டு, நான்காக மடித்து, உறையிலிட்டு ஒட்டி, பம்ப் கையில் கொடுத்து அலுவலகத்துக்கு அனுப்பினேன்.