சுல்பாவின் வீடு கண்காட்சிக்கு வந்தது

பள்ளிவாசல்துறையில் வீட்டுக் கைத்தொழில் கண்காட்சி நடந்த சனிக்கிழமை காலை, சுல்பாவின் வீடு தன் இடத்தை விட்டு எழும்பி, கடற்கரை வீதியால் முக்கால் கட்டை தூரம் நடந்து வந்து, பாடசாலை மைதானத்தில் கேக் கடைக்கும் தையல் கடைக்கும் நடுவே அமர்ந்தது. அந்த வாரம் நுரைச்சோலையில் வெங்காய விலை பாதியாக விழுந்திருந்ததால் ஊரில் பாதிப் பேர் அதைப் பற்றியே கதைத்துக்கொண்டிருந்தார்கள். வீடு வந்ததை மற்றப் பாதிப் பேர் பார்த்தார்கள். இரண்டு அறை, ஒரு குசினி, தகரக் கூரை, வாசலில் பச்சைத் திரை. வரும்போது உள்ளே அடுப்பு எரிந்துகொண்டிருந்தது என்றும், மின்கம்பி தாழ்ந்திருந்த இடத்தில் வீடு சற்றுக் குனிந்து கொடுத்தது என்றும், பின்னால் வந்த ஐஸ் லொறிக்காரன் மட்டும் பொறுமையில்லாமல் ஹோர்ன் அடித்தான் என்றும் பார்த்தவர்கள் சொன்னார்கள்.

பதாகையில் மகளிர் சங்கத்தின் பெயர் இருந்தாலும் கண்காட்சியை நடத்தியது அதன் செயலாளர் நஃபீஸாதான். தலைவிக்கு மேடையில் ஒரு கதிரை போதும், பொருளாளருக்கு விருந்தினரோடு ஒரு படம் போதும். கூடாரம் பிடிப்பது, ஒலிபெருக்கிக்காரனைத் துரத்துவது, யாருக்கு யார் பக்கத்தில் கடை கொடுத்தால் சண்டை வராது என்று யோசிப்பது எல்லாம் நஃபீஸாவின் தலையில் விழும். அவள் விடிய எழும்பி இடியப்பம் அவித்து ஊரின் சாப்பாட்டுக் கடைகளுக்கு அனுப்பிவிட்டு மிச்ச நேரத்தில் இதையும் பார்த்தாள். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்கிறவள். அப்படியொருத்தி இல்லாமல் எந்த ஊரிலும் ஒரு கூடாரமும் எழும்பாது.

முந்தைய வருடக் கண்காட்சியில் ஒரு பெண் கொழும்பிலிருந்து தேசிக்காய் ஊறுகாய்ப் போத்தல்களை வாங்கிவந்து, முன்பக்கத்து லேபலை உரித்துவிட்டு, எல்லாம் தன் கையால் போட்டது என்று அடுக்கிவைத்தாள். போத்தலின் அடியில் கொழும்புக் கடையின் ஒட்டுத்தாள் அப்படியே இருந்தது. திறந்துவைக்க வந்த அதிகாரியின் மனைவி போத்தலைத் தலைகீழாகப் பிடித்து அதைச் சத்தமாக வாசித்தாள். நஃபீஸாவுக்கு அன்று வந்த வெட்கம் கொஞ்சநஞ்சமல்ல. அதனால் இந்த வருடம் ஒரு சட்டம் போட்டாள்: பொருளைச் செய்த ஆள் கடையில் தானே இருக்க வேண்டும், மகளோ மருமகளோ வந்து உட்கார முடியாது. சட்டத்தை எல்லோரும் கைதட்டி ஏற்றார்கள். முதலில் கைதட்டியவள் சுல்பா.

சுல்பா போடும் கருவாட்டு அச்சாறுக்குக் கற்பிட்டி வரை பெயர் இருந்தது. அதன் வாசத்துக்கே ஒரு கோப்பை சோறு கூட இறங்கும் என்பார்கள். கண்காட்சிக்கு ஆறு வாரம் இருக்கும்போது, அவளுடைய புருஷன் அஸ்மி கரைவலை இழுத்துக்கொண்டிருந்த இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மணலில் உட்கார்ந்தவர் பிறகு எழும்பவில்லை. சுல்பா இத்தா இருக்கத் தொடங்கினாள். நாலு மாதமும் பத்து நாளும் விதவை வீட்டை விட்டு வெளியாகாமல், அந்நிய ஆண்கள் கண்ணில் படாமல் இருக்கும் காலம் அது. அவளுக்கு இரண்டு சின்னப் பெண் பிள்ளைகள். இத்தா முடிந்ததும் அவளைக் குவைத்துக்கு வீட்டு வேலைக்கு அனுப்புவதென்று அவளுடைய கூடப்பிறந்த நானா, வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜன்சிக்காரர் அத்தாஉல்லாவிடம் கதைத்து முடித்திருந்தார். பிள்ளைகள் மாமியிடம், அஸ்மியின் உம்மாவிடம், வளரும். வேறு வழி யாருக்கும் தெரியவில்லை.

ஒரு வழி நஃபீஸாவுக்குத் தெரிந்தது. கற்பிட்டியில் காற்றாடி கட்டிக் கடலில் ஓடும் வெள்ளைக்காரர்கள் தங்கும் ஹோட்டல்களுக்குச் சாமான் வாங்கிக் கொடுக்கும் டயனா கண்காட்சிக்கு வருவதாக இருந்தாள். ஒரே ஒரு ஆளைத் தெரிந்தெடுத்து சீசன் முழுக்க ஓடர் கொடுப்பது அவள் வழக்கம். சுல்பாவின் அச்சாறை அவள் ஒருமுறை ருசித்தால் போதும், குவைத்துக் கதை அதோடு முடிந்துவிடும். நஃபீஸா தொலைபேசியில் கெஞ்சிப் பார்த்தாள். "அக்கா, ஆளையும் பாக்கணும், செய்ற விதத்தையும் பாக்கணும். போத்தல மட்டும் பாத்து எடுத்து நான் ஒருக்கா மாட்டுப்பட்டன். வீடு வீடா ஏறி இறங்கவும் எனக்கு நேரமில்ல, அதுக்குத்தானே நீங்க கண்காட்சி வைக்கிறீங்க" என்றாள் டயனா. நியாயமான பதில் என்பதால் நஃபீஸாவுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

மௌலவியிடம் கேட்டாள். தேவைக்குப் பகலில் போய்வர மார்க்கக் கிதாபில் இடமிருக்கிறது என்றார் அவர். மௌலவி இடம் கொடுத்தாலும் மாமி இடம் கொடுக்கவில்லை. "எங்கட குடும்பத்தில இத்தாவில இருந்த ஒரு பொம்புளயும் வாசப்படி தாண்டினதில்ல. என்ர மகன்ட மண்ணு இன்னும் காயல்ல" என்று சுல்பாவின் மாமி அழுதாள். சுல்பாவுக்குப் பதிலாக நான் உட்காருகிறேன் என்று சொல்ல நஃபீஸாவின் சட்டம் விடவில்லை. சட்டத்தைத் தளர்த்தினால் ஊறுகாய்க்காரி முதல் ஆளாக வந்து நிற்பாள். வெள்ளிக்கிழமை மாலை நஃபீஸா சுல்பாவின் பச்சைத் திரைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள்.

"பரவாயில்ல ராத்தா. நீங்க என்னத்தச் செய்ற" என்றாள் சுல்பா. பிறகு, "நான் எங்கயும் போகமாட்டன் என்டு இந்த வீட்டுக்குத்தான் ஒவ்வொரு நாளும் சொல்லிக்கொண்டிரிக்கன்" என்றாள்.

மறுநாள் காலை வீடு வந்தது.

மைதானத்தில் முதலில் வாய் திறந்தவன் கூடாரக்காரன் பஸ்தியான். "வீடு வாறதெண்டா முந்தியே சொல்லவேணும் அக்கா, நான் கம்பெல்லாம் ஊண்டிட்டன்" என்று முணுமுணுத்துக்கொண்டே இரண்டு கூடாரத்தைக் கழற்றித் தள்ளி நட்டான். மாமி வீட்டோடு வந்திருந்தாள். பயணத்தில் தலை சுற்றியதாகச் சொல்லித் தேத்தண்ணி கேட்டாள், பிறகு மௌலவிக்கு ஆள் அனுப்பினாள். மௌலவி வந்து வீட்டை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். "இத்தாவில இரிக்கிற பொம்புள வீட்ட விட்டு வெளியாகக் கூடாது. வீடு வெளியாகக் கூடாதென்டு எந்தக் கிதாபிலயும் இல்ல" என்றார். அது தீர்ந்தது. நஃபீஸாவும் தன் சட்டத்தை ஒருமுறை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தாள். செய்த ஆள் கடையில் இருக்கிறாள். குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை, கோபம்தான் வந்தது. தொண்ணூறாம் ஆண்டுப் போரில் மன்னாரிலிருந்து முஸ்லிம்கள் எல்லோரையும் கிளப்பியபோது அவளுக்கு எட்டு வயது. வீட்டைப் பூட்டிச் சாவியை வாப்பா இடுப்பில் செருகிக்கொண்டதும், அவள் திரும்பித் திரும்பிப் பார்த்ததும், வீடு அசையாமல் அங்கேயே நின்றதும் அவளுக்கு நன்றாக நினைவிருக்கிறது. வீடுகளால் நடக்க முடியாது என்று நினைத்துத்தான் இத்தனை வருடம் அவள் அந்த வீட்டை மன்னித்திருந்தாள். இப்போது கண் முன்னால் ஒரு தகரக் கூரை வீடு நடந்து வந்து உட்கார்ந்திருக்கிறது. அப்படியென்றால் அது ஏன் வரவில்லை? கூடாரத்துக்குப் பின்னால் போய் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து, ஒலிபெருக்கிக்காரனை வழக்கத்தை விட அதிகமாக ஏசினாள்.

டயனா பதினொரு மணிபோல வந்தாள். கேக்கைப் பார்த்தாள், தையலைப் பார்த்தாள், தும்புத் தடிகளைப் பார்த்தாள். மற்றவர்களின் கடைகளில் மேசையும் போத்தல்களும்தான் இருந்தன. சுல்பாவின் வீட்டில் குசினியே இருந்தது. பெண் என்பதால் டயனா திரையை விலக்கி உள்ளே போனாள். சிரட்டை நெருப்பில் கருவாடு பொரிவதையும், சுல்பா வெள்ளை உடுத்துக்கொண்டு கடுகை அம்மியில் அரைப்பதையும், போத்தல்கள் கொதிதண்ணீரில் கிடப்பதையும் நின்று பார்த்தாள். ஆண்கள் யன்னலுக்கு வெளியே வரிசையில் நிற்க, மாமி காசை வாங்கிப் போத்தலை நீட்டினாள். மகனின் மண் காயவில்லை என்றவள் அன்று மத்தியானம் ஒரு வெள்ளைக்காரனிடம் விலை குறைக்க முடியாதென்று கையாட்டிக்கொண்டிருந்தாள். டயனா வெளியே வரும்போது விரலை நக்கிக்கொண்டு வந்தாள். ஓடர் சுல்பாவுக்குத்தான். வீட்டையே கொண்டுவந்தது அநியாயம் என்று கேக் கடைக்காரி முறையிட்டபோது, "உன்ட வீட்ட ஆரு வர வேணாமென்ட?" என்று கேட்டுவிட்டு நஃபீஸா போய்விட்டாள்.

மாலையில் கூடாரங்கள் போயின, வீடு போகவில்லை. மறுநாளும் போகவில்லை. பாடசாலை அதிபர் இரண்டு நாள் யோசித்துவிட்டுப் பாடசாலைக் குழாயிலிருந்து ஒரு ரப்பர் குழாய் இழுத்துக் கொடுத்தார். விளையாட்டுப் போட்டிக்கான ஓட்டப் பாதையை வீட்டைச் சுற்றி வளைத்துக் கோடு போட்டார்கள். சுல்பாவின் மூத்த மகள் மணி அடித்த பிறகு எழும்பிப் பாடசாலைக்குப் போகப் பழகிவிட்டாள். உதவிக்கு நஃபீஸாவும் வேறு சில பெண்களும் பகலில் வந்து கருவாடு கழுவினார்கள். ஒவ்வொரு வாரமும் ஹோட்டல் வான் மைதானத்துக்குள்ளேயே வந்து பெட்டிகளை ஏற்றிப் போனது.

இத்தா முடியும் தறுவாயில், இதெல்லாம் தெரியாத அத்தாஉல்லா புத்தளத்திலிருந்து விசாவோடு வந்தார். பழைய இடத்தில் கிணறும் உடுப்புக் கொடியும் ஒரு சதுர மணலும்தான் இருந்தன. பக்கத்து வீட்டில் விசாரித்துக்கொண்டு மைதானத்துக்கு வந்து, யன்னலுக்கு முதுகைக் காட்டி மரியாதையாக நின்று விஷயத்தைச் சொன்னார். உள்ளே அம்மிச் சத்தம் நின்றது.

"நான் வரல்ல நானா" என்றாள் சுல்பா. "நான் போகமாட்டன் என்டு சொன்ன சொல்ல நம்பித்தான் இந்த வீடு என்ன உள்ளுக்க வச்சிக்கொண்டு ரோட்டால நடந்து வந்திச்சி. இப்ப நான் குவைத்துக்குப் போனா, இதுவும் பின்னால இறங்கும். கடலென்டு இதுக்குத் தெரியாது. தண்ணிக்குள்ள தாண்டு போகும்."

அத்தாஉல்லா கடல் பக்கம் ஒருமுறை பார்த்தார். பலரை அனுப்பிய மனிதர் அவர், போக முடியாததற்குப் பல காரணம் கேட்டவர். இது மற்ற எல்லாவற்றையும் விட உண்மையாக அவருக்குப் பட்டது. சுல்பாவின் நானாவிடம் தானே சொல்லிக்கொள்வதாகச் சொல்லி, ஒரு போத்தல் அச்சாறு வாங்கிக்கொண்டு போனார்.

குசினியில் கருவாடு கழுவிக்கொண்டிருந்த நஃபீஸாவின் கை அப்படியே நின்றது. மன்னாரிலிருந்து அவர்கள் வந்தது தோணியில். இத்தனை வருடமும் வாசலைத்தான் நினைத்தாள், கரையை நினைக்கவில்லை. தோணி நகர்ந்த பிறகு பின்னால் யார் வந்தது, எது வந்து தண்ணீரோரம் நின்றது என்று அவள் பார்க்கவில்லை, உம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டிருந்தாள். இப்போது கருவாட்டுச் சட்டியின் முன்னால் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். வெங்காயத்தால் என்று யாரிடமும் பொய் சொல்லவில்லை. சுல்பா அம்மியை விட்டு எழும்பி வந்து அவள் பக்கத்தில் இருந்தாள்.

இத்தா முடிந்த அன்று சுல்பா குளித்து, நிறத்துணி உடுத்து, திரையை விலக்கி மைதானத்தில் கால் வைத்தாள். வெயிலில் கண் கூசியது. இரண்டு பிள்ளைகளையும் கையில் பிடித்துக்கொண்டு கடற்கரை வீதியில் திரும்பி நடந்தாள். கொஞ்ச தூரம் போன பிறகு வீடும் எழும்பிப் பின்னால் வந்தது. பள்ளிச் சந்தியில் ஒரு முச்சக்கரவண்டிக்காரன் வண்டியை ஓரம் கட்டி, முதலில் பெண்ணுக்கும் பிள்ளைகளுக்கும், பிறகு வீட்டுக்கும் வழி விட்டான்.