குழியா, மேடா

கடைக்காரர் இரண்டு பெடல்களை மேசைமேல் வைத்தார். மலைப்பாதைச் சைக்கிளுக்கானவை, இரண்டுமே தட்டை, ஷூவைப் பிடித்துக்கொள்ளக் குட்டி இரும்பு முட்கள் வைத்தவை. ஒன்று நடுவில் குழிந்திருந்தது, மற்றது நடுவில் லேசாக மேடிட்டிருந்தது.

“குழின்னா பாதம் உள்ள உக்காந்துக்கும். வளைஞ்ச பாதத்துக்கு மேடுதான் தோது. இறக்கத்துல உங்க பாதம் எப்படி நிக்கும்?”

இறக்கத்தில் நான் கல்லைப் பார்ப்பேனா, காலைப் பார்ப்பேனா? தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். பாதமும் அப்படித்தான். ஆனால் பழைய பெடல் வழுக்கி முழங்காலுக்குக் கீழே தோலை உரித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

என் பாதத்தை அறிந்தவன் ஒருவன்தான், என் மனைவியின் தம்பி. ஆறு வருடம், ஞாயிறுதோறும் எனக்குப் பின்னால் ஓட்டி வந்தவன். எட்டு மாதத்துக்கு முன் அவள் பெட்டியோடு அம்மா வீட்டுக்குப் போனாள். அன்றிலிருந்து அவனும் வரவில்லை. அவள்தான் தடுத்திருப்பாள் என்று நான் முடிவு கட்டிவிட்டேன். நான் பிடித்த முயலுக்கு எப்போதும் மூன்று கால்தான். தனியாக ஓட்டினேன், தனியாகச் சாப்பிட்டேன். பாதையில் பேச ஆளில்லாமல் மரத்தையெல்லாம் திட்டினேன்.

வீம்பை விழுங்கிக்கொண்டு கடையிலிருந்தே அழைத்தேன். இரண்டாவது மணியிலேயே எடுத்தான்.

“சொல்லுங்க மாமா.”

இன்னும் மாமாதான். பெடல் விஷயத்தைச் சொன்னேன். யோசிக்கவே இல்லை அவன்.

“குழி உள்ளதையே வாங்குங்க. பயந்தா உங்க வலது குதிகால் தூக்கிக்கும், அப்பதான் வழுக்கும். முன்பக்கத்து முள் மட்டும் நீளமா இருக்கட்டும்.”

“மாப்ள, ஞாயித்துக்கிழமை வாயேன். உங்கக்காகிட்ட நான் வேணா பேசறேன்.”

“அக்கா ஒண்ணும் போகாதன்னு சொல்லல மாமா. நானாத்தான் வரல. இப்பகூடப் பாருங்க. பெடலைப் பத்தி இவ்வளவு கேட்டீங்க. அவ எப்படி இருக்கான்னு ஒரு வார்த்தை கேக்கல.”

அவன் போனை வைக்கவில்லை. மூச்சு கேட்டுக்கொண்டிருந்தது. நான் கேட்பதற்காகத்தான் காத்திருந்தான். நான் பெடலின் குழியை விரலால் தடவிக்கொண்டிருந்தேன்.

“எது சார் வேணும்?” என்றார் கடைக்காரர்.

“குழி உள்ளது” என்றேன்.