நிறுத்தாமல் போன கார்

ஆஸ்பத்திரியில் செவிலி, கட்டிலில் கிடந்தவரின் கைக்கடிகாரத்தைக் கழற்றி அவளிடம் கொடுத்துக்கொண்டிருந்தபோது, கான்ஸ்டபிள் ஒருவர் மூச்சிரைக்க உள்ளே வந்தார். முழங்கை சிராய்த்து ரத்தம் கசிந்தது.

"வெள்ளைக் கார் யாருது? கை காட்டக் காட்ட மேலயே ஏத்தப் பாத்துட்டு..." என்று ஆரம்பித்தவர், கட்டிலில் முகம்வரை போர்த்தியிருந்ததைப் பார்த்துக் குரலை இறக்கினார்.

"என்னுதுதான்," என்றாள்.

அவருக்கு ஆள் தெரிந்துவிட்டது. "ஸ்கூல் வேன் ஓட்டுற அக்காவா? இது..."

"வீட்டுக்காரர்."

செவிலி கான்ஸ்டபிளை உட்காரவைத்துக் காயத்தைத் துடைத்தாள். டாக்டர் எதையோ எழுதிக்கொண்டிருந்தார். அந்த அறையில் எல்லோருக்கும் ஏதாவது வேலை இருந்தது. அவளுக்குத்தான் இனி ஒன்றுமில்லை.

மதியம் ஸ்டேஷன் வாசலிலேயே கொழுந்தன் அவளை மறித்தான்.

"அண்ணி, வக்கீல்கிட்ட பேசிட்டேன். அண்ணன் உயிருக்குப் போராடிட்டு இருந்தாரு, அதான் நிறுத்தலன்னு மட்டும் சொல்லுங்க. மத்தத அவர் பாத்துக்குவாரு. லைசன்ஸ் போச்சுன்னா வேன் வேலையும் போயிடும். அப்புறம் சோத்துக்கு என்ன பண்ணுவீங்க?"

அவள் தலையாட்டினாள்.

எஸ்.ஐ. அவளைவிட வயதில் சின்னவர். கோபப்படவில்லை. "கை காட்டினப்ப நிறுத்தியிருந்தா, நாங்களே ஜீப்ப முன்னாடி விட்டுக் கூட்டிட்டுப் போயிருப்போமேம்மா. சரி, அப்ப அவருக்கு எப்படி இருந்துச்சு?"

கொழுந்தன் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

காலையில் காரில் பாலத்தில் ஏறும்போது வீட்டுக்காரர், "ஜன்னல இன்னும் கொஞ்சம் இறக்கேன்," என்றார். இறக்கினாள். பாலம் முடிவதற்குள் அவர் தலை கதவுப் பக்கம் சாய்ந்துவிட்டது. அதுவரை காரை நிறைத்திருந்த மூச்சிழுப்புச் சத்தம் இல்லை. கூப்பிட்டாள். சாலையிலிருந்து கண்ணை எடுக்காமலே இன்னொரு முறை கூப்பிட்டாள். அதற்குப் பிறகுதான் தூரத்தில் தடுப்பும் காக்கிச் சட்டையும் தெரிந்தன.

"அதுக்கு முன்னாடியே போயிட்டாரு சார்."

"அண்ணி!" கொழுந்தன் எழுந்தேவிட்டான்.

எஸ்.ஐ. பேனாவைக் கீழே வைத்தார். "அப்புறம் ஏம்மா நிறுத்தல?"

"நிறுத்தினா அவரத் திரும்பிப் பாக்கணுமே."

எஸ்.ஐ. கொழுந்தனைக் கையமர்த்தி உட்காரவைத்தார்.

"இப்படி எழுதினா கேஸ் கோர்ட்டுக்குப் போகும்மா," என்றார். "நிறுத்தாம போனது, கான்ஸ்டபிளுக்கு அடிபட்டது, ரெண்டும் சேரும். லைசன்ஸ முடக்குவாங்க. அபராதமா, உள்ள போகணுமான்னு ஜட்ஜ்தான் சொல்லணும். யோசிச்சுச் சொல்லுங்க."

"அந்தத் தம்பிக்கு அடிபட்டிருக்கே சார். எழுதிக்குங்க."

எழுதி முடித்ததும் கையெழுத்துப் போட்டாள். லைசன்ஸைப் பையிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தாள். கேஸுக்காகப் பிடித்துவைத்த கார் ஸ்டேஷன் சுவரோரம் நின்றது. முன்பக்க ஜன்னல் இன்னும் இறக்கியபடியே இருந்தது.

"ஆஸ்பத்திரில நாளைக்குக் காலையிலதான் அண்ணனக் குடுப்பாங்களாம். நான் அங்கயே இருந்துக்கிறேன்," என்று கொழுந்தன் அவள் முகத்தைப் பார்க்காமல் சொல்லிவிட்டு, பைக்கை உதைத்துக் கிளம்பினான்.

கான்ஸ்டபிள் வாசல்வரை வந்தார். "ஜீப்ல விடச் சொல்லட்டுமாக்கா?"

"வேணாம் தம்பி. கட்டுல தண்ணி படாம பாத்துக்கோங்க."

நடந்தாள். பல வருடங்களாக ஓட்டிப் பழகிய சாலைதான். நடக்கும்போது முடிவே இல்லாததுபோல் நீண்டது. எதிரே வந்த யாரோ ஒரு பிள்ளை, "வேன் ஆன்ட்டி!" என்று கையசைத்தது. அவளும் கையைத் தூக்கினாள்.

வீட்டுக்கு வந்துசேர்ந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. வழக்கம்போல கேட்டின் கொக்கியை எடுத்தாள். ஒரு கதவை இழுத்துச் சுவரோடு சாய்த்தாள். மற்றதையும் இழுத்து, மூடிக்கொள்ளாமல் கல்லை முட்டுக் கொடுத்தாள். பிறகு நிமிர்ந்து தெருவைப் பார்த்தாள்.

உள்ளே கொண்டுவந்து நிறுத்த ஒன்றுமில்லை.