கடையை மறைத்த கார்

மாலை ஐந்து இருபதுக்கு மேட்டுப்பாளையம் பஸ் வந்து நின்றது. செருப்புக் கடை மஜீத் கல்லாவை விட்டு எழவில்லை. அவர் முன்னால் மனு கிடந்தது. அவரே எழுதியது.

வீதிக்குள் கார்களை விடாமல் பஸ்ஸை மட்டும் விடுவதென்று நகராட்சி ஒரு மாதம் சோதித்துப் பார்த்தது. இன்று கடைசி நாள். வியாபாரிகள் எதிர்த்தால் பழையபடி கார்கள் வரும். இல்லையென்றால் இதுவே நிரந்தரம். எதிர்ப்பு மனுவில் கடைக்காரர்கள் எல்லாரும் கையெழுத்துப் போட்டாயிற்று. சங்கத் தலைவர் மஜீத் போட்டால்தான் மனு செல்லும்.

காரில் வருகிறவர்களை நம்பித்தான் கடை என்று அவர் நினைத்திருந்தார். முதல் வாரம் ஈ ஓட்டினார். கடையை மூட வேண்டியதுதான் என்று மனைவி ஜரினாவிடம் சொன்னார். பிறகு, பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர்கள் எட்டிப் பார்க்கத் தொடங்கினார்கள். அது நிலைக்குமா என்பதுதான் தெரியவில்லை.

பக்கத்துப் பாத்திரக் கடை சுப்பிரமணியன் வாசலில் வந்து நின்றார்.

“என்ன பாய், கையெழுத்துப் போட நல்ல நேரம் பாக்குறீங்களா? ஆறு மணிக்கு நகராட்சி ஆபீச பூட்டிடுவாங்க.”

“போடறேன், இருங்க.”

பேனாவைத் திறந்தபோது கம்பெனிச் சீருடையில் ஒரு பெண் உள்ளே வந்தாள். நெஞ்சில் கவிநிலா என்ற அட்டை, குதிகாலில் பிளாஸ்திரி.

“நாள் பூரா நின்னுக்கினே வேலைண்ணே. மெத்துனு ஒண்ணு குடுங்க. கடை புதுசா? மூணு வருஷமா இந்த வழியாத்தான் போறேன், பாத்ததே இல்ல.”

உள்ளே செருப்பு அடுக்கிக்கொண்டிருந்த ஜரினா சிரித்துவிட்டாள். “பதினோரு வருஷமா இருக்குதும்மா. வாசல்ல ஒரு வெள்ளைக் காரு நிக்குமே?”

“ஆமாக்கா! எந்த மவராசனோ, காலையிலருந்து ராத்திரி வரைக்கும் அடைச்சிக்கினு.”

“அந்த மவராசன்தான் கல்லாவுல உக்காந்திருக்காரு.”

சுப்பிரமணியனும் சிரித்தார். “எங்க கடைக்கு வர்றவங்க வண்டி போட்டுடக் கூடாதுன்னு ஒம்பது மணிக்கே கொண்டாந்து நிறுத்திடுவாரு.”

மஜீத் வாசலைப் பார்த்தார். கண்ணாடிக்குப் பின்னால் மூன்று அடுக்குச் செருப்புகளும் வீதியிலிருந்து தெரியும்படி இருந்தன. பேனாவை மூடி, கையெழுத்தில்லாத மனுவைக் கல்லாவுக்குள் போட்டார்.

“பாய், மனு?”

கவிநிலா புதுச் செருப்போடு வாசல்வரை நடந்து, அண்ணாந்து பார்த்தாள்.

“மேல மொட்டமாடிதானாண்ணே? பஸ் போற வீதியில கடைக்கு மேல வீடு கட்ட விடறாங்களாமே. கட்டுனா எனக்குச் சொல்லுங்க, வாடகைக்கு வந்துடறேன். நாளைக்கும் பஸ்ஸு இங்கதானே நிக்கும்?”