கிட்டன்ஸுக்கு மேலே நின்ற பந்து

இங்கிலாந்து அணி வாழைப்பழக் கப்பலில் பார்படோஸ் தீவுக்கு வந்திறங்கிய வருடம், கடைசி டெஸ்டின் கடைசிப் பிற்பகலில் அந்த அணியின் பென்ரோஸ் தூக்கியடித்த பந்து மேலே போனது, இறங்கவில்லை. அந்த வாரம் தலைநகர் பிரிட்ஜ்டவுனில் சர்க்கரை விலை கொஞ்சம் ஏறியிருந்தது, பறக்கும் மீன் மலிந்து கிடந்தது. வந்தவர்கள் ஜெயிக்க இரண்டு ரன் வேண்டும், கையில் ஒரே விக்கெட். பந்து மேலே இருக்கும்போதே அந்த இரண்டையும் ஓடி முடித்துவிட்டார்கள். பந்து தரையில் விழுந்தால் வெற்றி அவர்களுக்கு, கையில் விழுந்தால் தீவுக்கு. கீழே காத்திருந்த கை தீவு அணியின் எவரார்ட் கிட்டன்ஸுடையது என்பதுதான் ஊருக்குப் பிடிக்கவில்லை.

காரணம் இருந்தது. முந்தின நாள் இதே பென்ரோஸ் ஒரு ரன்கூட எடுக்காமல் நின்றபோது கொடுத்த கேட்சை, கண்ணை மூடிக்கொண்டு பிடித்திருக்கலாம், கிட்டன்ஸ் நழுவவிட்டான். பார்படோஸில் திருடனைக்கூட மன்னிப்பார்கள், கேட்சை விட்டவனை மாட்டவே மாட்டார்கள். அன்று சாயங்காலமே பெயர் வைத்தாகிவிட்டது: ஓட்டைக்கை. அவன் மனைவி மெர்ல் மீன் வாங்கப் போனபோது, மீன்காரி பியூலா, "ஓட்டைக்கை பொண்டாட்டி வர்றா! அவ புருஷன் கையில மட்டும் மீனைக் குடுத்துராதீங்கடி, நழுவிக் கடலுக்கே போயிரும்!" என்று கத்த, சந்தையே சிரித்தது. மெர்ல் வெறுங்கூடையோடு வந்தாள். தனக்கு வந்த அவமானத்தைக் கிட்டன்ஸ் முழுங்கிவிட்டான். அவளுக்கு வந்ததை முழுங்க முடியவில்லை. இந்தப் பந்தும் போனால் அந்தப் பெயர் கல்லறை வரைக்கும் கூடவே வரும் என்று அவனுக்குத் தெரியும்.

அதனால் கைகளைக் குவித்து, அண்ணாந்து நின்றான். பந்து புளியங்கொட்டை அளவில் தெரிந்தது. இருட்டத் தொடங்கியும் மரக்கிளைகளில் உட்கார்ந்து ஆட்டம் பார்த்தவர்கள் இறங்கவில்லை. அம்பயர் ஸ்கீட் சட்டத்தில் எழுத்துப் பிசகாதவர். "பந்து இன்னும் ஆட்டத்துல இருக்கு. ஒருத்தரும் ஸ்டம்பைத் தொடக்கூடாது" என்றார். துறைமுகத்தில் கப்பல் ஊதியது. வாழைக்குலை பழுத்துவிடும், கப்பல் காத்திருக்காது. அணி மூட்டை கட்டிக்கொண்டு ஓடியது, பென்ரோஸைத் தவிர. "அவுட்டா இல்லையான்னு தெரியாம ஊருக்குப் போயி எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நடமாடுறது?" என்று மட்டையை ஊன்றிக்கொண்டு நின்றுவிட்டான்.

பிறகு வருடங்கள் போயின. கிட்டன்ஸ் ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் தூங்கப் பழகினான். மெர்ல் வறுத்த ஈரப்பலாத் துண்டுகளை அண்ணாந்த வாயில் ஊட்டினாள். அவன் பார்வை அவள் முகத்துக்கு இறங்கவே இல்லை, அவளும் இறக்கச் சொன்னதில்லை. பென்ரோஸ் சுங்க அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்து, வேலை முடிந்ததும் காலில் பேடு கட்டிக்கொண்டு வந்து நிற்பான். "கீழதான்யா விழப்போகுது, வீட்டுக்குப் போய்ப் படு" என்பான். "நீ முதல்ல கப்பலேறுய்யா" என்பான் கிட்டன்ஸ். உலகப் போர் வந்தது, போனது. ஸ்கீட் செத்துப்போனார், அவர் சொன்னதை மாற்ற யாருக்கும் துணிச்சல் இல்லை. மற்ற அணிகள் வந்து கிட்டன்ஸைச் சுற்றியே விளையாடின. முதலில் புகார் கொடுத்தவர்கள், பிறகு அந்தப் பக்கம் தூக்கியடிப்பதை நிறுத்திக்கொண்டார்கள்.

ஒரு புயல் மாதத்தில், புல்லில் கிடந்த பந்தின் நிழலைப் பார்த்து மெர்ல் கத்தினாள். "பெருசாகுதுங்க. பந்து இறங்குது." செய்தி பரவி, சந்தை காலியாகி, மைதானம் நிரம்பியது. கிட்டன்ஸுக்கோ கண்ணில் புரை படர்ந்து வருடக்கணக்காகியிருந்தது. "மெர்ல், எனக்கு ரெண்டு பந்து தெரியுதே" என்றான். கூட்டம் ஆளுக்கொரு திசையாகக் கத்தியது: முன்னாடி வா, பின்னாடி போ, வலது பக்கம். அத்தனை கூச்சலுக்கும் மேலே ஒரு குரல் வந்தது.

"எவரார்ட்! இடது பக்கம் ரெண்டடி வாய்யா!"

அது பென்ரோஸ். பந்து தரையில் விழுந்தால் ஜெயிக்கப்போகிறவன். "நம்பாதடா, வெள்ளைக்காரன் கவுத்துருவான்!" என்று மரத்திலிருந்து எவனோ அலறினான். கூட வந்தவர்களெல்லாம் கப்பலேறிய பிறகும் நின்றவன் இவன் ஒருத்தன்தான் என்று கிட்டன்ஸ் நினைத்தான். இடது பக்கம் இரண்டடி வைத்தான்.

பந்து கையில் வந்து உட்கார்ந்தது. வெந்த உருளைக்கிழங்கு போலச் சுட்டது, அவன் விடவில்லை. பென்ரோஸ் அம்பயருக்காகக் காத்திருக்கவில்லை. மட்டையைக் கக்கத்தில் இடுக்கி, தலைமுடியைக் கோதிவிட்டு, பெவிலியனைப் பார்த்து நடந்தான். மறுநாள் பத்திரிகை, தீவு ஒரு ரன்னில் வென்றது என்று வழக்கமான இடத்தில் போட்டது.

கிட்டன்ஸின் விரல்களை மெர்ல் தேங்காய் எண்ணெய் தடவி ஒவ்வொன்றாக விரித்தாள். கழுத்து மட்டும் இறங்கவில்லை. சந்தைக்கு அவள் கைப்பிடித்து அழைத்துப் போனபோது, தலை நரைத்த பியூலா எழுந்து, ஒரு பறக்கும் மீனை அவன் முகத்துக்கு மேலே தூக்கிக் காட்டினாள். "கிட்டன்ஸ் அண்ணே, நல்லாப் பாருங்க, செவுள் செவப்பாத்தானே இருக்கு?" "செவப்புதான்" என்றான் அவன். பியூலா மீனைக் கூடையில் போடவில்லை. அவன் கையில் கொடுத்தாள்.